பாட்டுக்குக் கூலி எங்கே?

அரக்கோணத்து இளைஞர் அறிவு, தாமே எழுதித் தாமே பாடுகிறவர். தாளத்துக்கு இசையச் சொல்லை அடுக்கிப் பாடும் 'ராப்' அவருடைய முறை. 1970களில் நியூயார்க்கில், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழைத் தெருக்களில் பிறந்த முறை அது.

2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியால் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. சபாக்கள் தீண்டாத பறையும் கானாவும் அங்கே நடுநாயகமாக நின்றன. அந்தக் குழுவில் பாடிய அறிவு, 2019ல் இசைஞர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். காதலும் கேளிக்கையுமே இளைஞர் சங்கீதம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஓர் அடி. நம் தாமிரபரணி கடலில் சேரும் தூத்துக்குடி மாவட்டத்தில், 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். அதில் பலியான ஓர் இளம் பெண்ணின் பெயரையே தலைப்பாக்கி, அந்தத் தட்டில் ஒரு பாட்டு வைத்தார். சபாஷ்!

2021 மார்ச்சில் வந்தது 'என்ஜாய் எஞ்சாமி'. பாடகி தீயுடன் சேர்ந்து அறிவு பாடியது. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். மரம் நட்டும் நிழல் இல்லை, மண்ணைத் திருத்தியும் நிலம் இல்லை என்ற அந்தத் தலைமுறையின் துயரம்தான் பாட்டின் கரு. கூலியாள் பண்ணையாரை அழைத்த 'என் சாமி' என்ற சொல்லாலேயே பாட்டி பேரனைக் கொஞ்சினாள். கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டார்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்கும் ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில், அவர் இல்லாமலே பாட்டு ஒலித்தது. தம் உழைப்பு மறைக்கப்படுகிறது என்றார் அறிவு. யார் பங்கையும் மறைக்கவில்லை என்றார்கள் தீயும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தமக்கு இதுவரை வருமானமே வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

இதில் ஒரு கலைஞரை எதிர்த்து இன்னொரு கலைஞரின் பக்கம் நிற்பது நம் வேலையல்ல. ஆனால் பெயர் விடுபடுகிறபோது விடுபடுவது எவருடைய பெயர்? சேரியிலிருந்து வந்தவருடைய பெயர்! இது தற்செயல் என்றால் நம்புவதற்கு நாம் தயாரில்லை. பெயர்ச் சண்டையில் கலைஞர்கள் பிளவுபட்டு நிற்க, கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது? கம்பெனியின் கையில். மில்லில் நூல் நூற்பது நாம். மூட்டையில் விழுவது முதலாளியின் முத்திரை. பாட்டுத் தொழிலும் அப்படித்தான் நடக்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்கள் சமபங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று 2012ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததுமே கூலி தானாக உயர்ந்ததா? சங்கம் நின்று கேட்ட இடத்தில்தான் உயர்ந்தது.

தேயிலையின் துயரம் நமக்குப் புதிதல்ல. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23ல் நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் மீது தடியடி நடந்தது. 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். மாஞ்சோலையிலும் எத்தனையோ வள்ளியம்மாக்கள் கொழுந்து பறித்தார்கள். 2024ல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் அவர்கள் மலையிறங்க நேர்ந்தபோது, அவர்களுடைய தாலாட்டையும் ஒப்பாரியையும் எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

தோழர்களே! பிசான நடவில் நம் பெண்கள் பாடும்போது, நாளை ஒருவர் செல்போனோடு வரப்பில் வந்து நிற்கலாம். விரட்ட வேண்டாம், பாடுங்கள். ஆனால் பாடியவர் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள். எங்கே விற்பாய், எங்கள் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். நாற்றுக்குக் கூலி கேட்கத் தெரிந்த நமக்குப் பாட்டுக்கும் கூலி கேட்கத் தெரிய வேண்டும்.