தட்டையாக்கிய படம் எதற்குச் சான்று?

பாறை ஓவியங்களைப் பற்றிய ஆய்வேடுகளில் இடம்பெறும் கோட்டுப் படங்களை நாம் ஏறத்தாழ ஒளிப்படங்களுக்கு நிகராக நம்பிவிடுகிறோம். கணினியில் வரைந்தவை என்றால் அந்த நம்பிக்கை இன்னும் கூடுகிறது. வரைந்தவர் எத்தனை லேயர்களை, அதாவது அடுக்குகளை, பயன்படுத்தினார், எதை எதன்மேல் வைத்தார், ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஒளிபுகும்படி அமைத்தார் என்பவை அச்சுக்கு வரும்போது மறைந்துபோகின்றன. அடுக்குகள் கலையாத மூலக் கோப்பு உடன் இல்லாத கோட்டுப் படத்தைச் சான்றாக ஏற்பதை நம் துறைகள் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவை எடுத்துக்கொள்வோம். 1957இல் வி. எஸ். வாகண்கர் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த பாறைத் தொகுதி அது. 2003இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே 'ஜூ ராக்' என்று வழங்கும் பாறை முகத்தில், வெவ்வேறு காலத்தவர் வரைந்த விலங்குகள் ஒன்றன்மீது ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. நிறமியின் காலத்தை நேரடியாகக் கணிப்பது அரிதாக இருக்கும் இத்துறையில், எது மேலே, எது கீழே என்பதே கால வரிசைக்கு நாம் பற்றிக்கொள்ளும் முதல் தடயம். ஆகவே வரைபடத்தில் ஓர் அடுக்கை மேலே நகர்த்துவது வரலாற்றைப் பற்றிய ஒரு கூற்று.

ஒளிபுகும் தாளைப் பாறைமேல் ஒட்டிப் படியெடுத்த முறை ஓவியத்துக்கே கேடு செய்தது. யசோதர் மட்பால் 1970களில் பீம்பேட்கா ஓவியங்களை நீர்வண்ணத்தில் கையால் படியெடுத்தார். அவற்றைப் பார்ப்பவர் எவரும் அவை ஒரு மனிதக் கண்ணின் வழியே வந்தவை என்பதை மறப்பதில்லை. இன்று ஒளிப்படத்தை அடியில் வைத்து, அதன் அடர்த்தியைக் குறைத்து, மேலே வெற்றடுக்கு ஒன்றைத் திறந்து வரைகிறோம். பாறையைத் தொட வேண்டியதில்லை. இது பெரும் நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் நம் கண்ணும் இங்கே இருந்துகொண்டுதான் இருக்கிறது. அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவே.

மென்பொருள் ஒளிபுகவிடும் விதத்தைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். இயல்பான கலப்பு முறையில், 50 விழுக்காடு அடர்த்தியுள்ள இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அடியிலுள்ளது முழுவதும் மறைவதில்லை. 75 விழுக்காடு மறைகிறது. தெரியும் வண்ணத்தில் பாதி மேலடுக்குக்கும், கால்பங்கு கீழடுக்குக்கும், எஞ்சிய கால்பங்கு ஒளிப்படத்துக்கும் உரியது. அடுக்குகளை இடம் மாற்றினால் அந்த இடத்தின் நிறமும் மாறும். கூர்ந்து நோக்கும் வாசகர் வரைந்தவரின் முடிவை அங்கே ஓரளவு ஊகிக்கலாம்.

'மல்டிப்ளை' என்னும் பெருக்கல் முறையில் அதற்கும் வழியில்லை. இரண்டை மூன்றால் பெருக்கினாலும் மூன்றை இரண்டால் பெருக்கினாலும் ஆறுதான். மான் மேலிருந்தாலும் யானை மேலிருந்தாலும் படம் ஒன்றுதான். கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன என்பதற்காகவே பலரும் இம்முறையை விரும்புகிறார்கள். எந்தக் கேள்விக்காகப் படம் வரையப்பட்டதோ அதற்கு அப்படம் விடையே தருவதில்லை. இன்னொன்றும் உண்டு: பெருக்கலில் வெள்ளை அடியோடு காணாமற்போகும். பீம்பேட்காவில் சிவப்பும் வெள்ளையுமே மிகுதி. எனவே வெள்ளை உருவங்களைச் சாம்பலிலோ நீலத்திலோ வரைய நேர்கிறது. விளக்கக் குறிப்பில் அதைச் சொல்லாவிட்டால், பாறையில் இல்லாத நிறம் ஒன்று அச்சேறிவிடும்.

பாறையும் நம்மை ஏமாற்றக்கூடியது. தடித்த வெள்ளைப் பூச்சின்மேல் மெல்லிய சிவப்பு படிந்து, பின் ஆங்காங்கே உதிர்ந்திருந்தால், வெள்ளையே மேலிருப்பதுபோலத் தோன்றும். டி-ஸ்ட்ரெட்ச் போன்ற கருவிகள் மங்கிய நிறமியைப் பளிச்செனக் காட்டுகின்றன. அவை காட்டும் நிறம் கணக்கீட்டில் பிறந்த செயற்கை நிறம் என்பதால் வரிசையை அதிலிருந்து மட்டும் முடிவு செய்யலாகாது. இத்தகைய ஐயமுள்ள இடங்களைத் தனி அடுக்கில் வைத்து, 'வரிசை உறுதியில்லை' என்று அதற்குப் பெயரிடலாம். பெயரே இல்லாத, 'லேயர் 14' என்று நிற்கும் அடுக்குகளை எத்தனை கோப்புகளில் பார்க்கிறோம்!

ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறும்போது பி.டி.எஃப். ஆக ஏறுகிறது. அதனுள் பெரும்பாலும் இருப்பது ஜேபெக் படம். அவ்வடிவத்தில் அடுக்கும் நிற்காது, ஒளிபுகுதன்மையும் நிற்காது. ஓப்பன்ராஸ்டர் என்னும் திறந்த வடிவத்தைக் கிரிட்டாவும் கிம்ப்பும் கையாள்கின்றன. அது ஓர் எளிய ஜிப் பொதி: அடுக்குகள் தனித்தனிப் படங்களாக இருக்கும், வரிசை ஓர் எழுத்துக் கோப்பில் பதிவாகியிருக்கும். மென்பொருள் வழக்கொழிந்தாலும் பொதியை அவிழ்த்துப் படித்துவிடலாம். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லையே என்பது இங்கே தடையாகாது. கோப்பைச் செனோடோவில் இட்டால் நிலையான அடையாள எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

மூலக் கோப்பைக் கொடுத்தால் உழைப்பைப் பிறர் எடுத்துக்கொள்வார்களே என்ற அச்சத்தை மாணவர்கள் சொல்லக் கேட்கிறேன். அது நியாயமான அச்சம்தான். ஆய்வேடு ஏற்கப்படும் வரை தேர்வாளருக்கு மட்டும் காட்டி, பின்னர் பொதுவில் வைக்கலாம். 'அவ்வளவு அடுக்குகளை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?' என்னும் மூத்தோரின் கேள்விதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர் ஓர் அடுக்கை அணைத்துவிட்டு, "இந்த மான் கீழே இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.