சாவியைப் பறிக்கலாம், சோற்றைப் பறிக்கலாமா?

அமெரிக்க ஆஸ்பத்திரி நர்சின் வேலையைக் கவனியுங்கள், தோழர்களே! பல இடங்களில் ஒரு ஷிப்டு 12 மணி நேரம். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிகிறது. வலியைப் போக்கும் மருந்து அலமாரியோ கைக்கெட்டும் தூரத்தில்! வலிக்கு எடுத்த மருந்தே வழக்கமாகி, பிறகு போதைப் பிடியாகிப் போனவர்கள் அங்கே உண்டு.

அப்படிச் சிக்கியவர் சிகிச்சை பெற்று மீண்டு வந்தால், அவர் கதி என்ன?

1983-ல் புளோரிடா மாநிலம் ஒரு வழி காட்டிற்று. லைசென்சைப் பறித்து வீதியில் விடாமல், சிகிச்சை அளித்து, கண்காணித்து, மீண்டும் வேலைக்கு அனுப்பும் திட்டம் அது. பின்னர் பல மாநிலங்கள் அவ்வழியே வந்தன. வரவேற்கிறோம்.

ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்தாண்டுக் கண்காணிப்பு. அழைத்த நாளில் சிறுநீர்ப் பரிசோதனை. செலவு அநேகமாக நர்சின் தலையில். போதை மருந்துச் சாவியைத் தொடக்கூடாது. பல இடங்களில் இரவு ஷிப்டும் ஓவர்டைமும் கூடாது. மேற்பார்வையில்லாமல் வீடுகளுக்குச் சென்று பணிபுரியவும் கூடாது. இத்தனை நிபந்தனைகளோடு வருபவரை வார்டில் சேர்க்க எத்தனை நிர்வாகிகள் முன்வருவார்கள்? சில மாநிலங்களிலோ, நர்ஸ் வேலையில் கழித்த காலம் மட்டுமே கண்காணிப்புக் கணக்கில் சேரும். வேலை பார்த்தால்தான் நிபந்தனை நீங்கும். நிபந்தனை நீங்கினால்தான் வேலை! இது என்ன நியாயம்?

ஆஸ்பத்திரிக்கு வெளியே வழி இல்லாமலில்லை. தொலைபேசியில் நோயாளிக்கு யோசனை சொல்லும் வேலை, இன்சூரன்ஸ் கம்பெனியில் சிகிச்சைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் வேலை, பொதுச் சுகாதார அலுவலக வேலை என்று பல உண்டு. அங்கே நர்சின் அறிவு வேண்டும். போதை மருந்துச் சாவி வேண்டாம். ஆனால் அங்கும் மனுப் படிவம் கேட்கிறது: "லைசென்சின்மீது நிபந்தனை உண்டா?" 'உண்டு' என்று உண்மை சொன்னவரின் மனு குப்பைக் கூடைக்குப் போனால், உண்மைக்குக் கிடைத்த பரிசு அதுதானா?

போதையிலிருந்து மீண்டவருக்கு 1990-ன் ஊனமுற்றோர் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆயினும் இந்தியானா மாநிலத்தில் நடந்ததென்ன? டாக்டர் எழுதிக் கொடுத்த சிகிச்சை மருந்தைச் சாப்பிடுவோருக்கு மறுவாழ்வுத் திட்டத்தில் இடமில்லை என்றது நர்சிங் போர்டு. அது சட்ட மீறல் என்று மத்திய நீதித்துறை சொல்ல 2022 மார்ச் வரை ஆயிற்று!

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஆக்சிகாண்டின் வலி மாத்திரையை 1996-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது பர்டியூ பார்மா. அதன் அபாயத்தைக் குறைத்துச் சொல்லி விற்ற வழக்கில் 2007-ல் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. 63 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். அந்த வழக்கில் ஒருவரும் சிறை செல்லவில்லை. 2020-ல் கம்பெனி மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வியாபாரம் நின்றதா? இல்லை. மாத்திரை விற்றவனுக்கு அபராதம். மாத்திரையில் விழுந்த தொழிலாளிக்கு ஆயுள் முழுதும் அவமானம்!

"நோயாளியின் உயிர் என்னாவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் சாவியை வாங்கி வைப்பது, அதற்காகத்தான் பரிசோதனை. இரண்டுக்கும் கட்டுப்பட்டவரின் சோற்றிலும் கை வைத்தால் நோயாளிக்கு என்ன லாபம்? வேலையின்றி, வருமானமின்றி, மதிப்பின்றி இருப்பவரைத்தான் பழைய பழக்கம் எளிதில் திரும்ப அழைக்கும்.

ஆகவே, பரிசோதனைச் செலவை நிர்வாகமும் அரசும் ஏற்கட்டும். சாவி தேவைப்படாத வேலைகளில் இவர்களுக்கு இடம் ஒதுக்கட்டும். தொழிற்சங்கம் இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கட்டும்.

நமக்கும் இதில் பாடமுண்டு. மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறும் நோய்தான் என்று இந்தியாவின் 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. குடியிலிருந்து மீண்டு ஆலை வாசலுக்கு வரும் தோழரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? நோய் என்றால் மருந்து வேண்டும். குணமானால் வேலை வேண்டும். இரண்டும் உரிமை, பிச்சையல்ல!