மூன்று பிரதிகள் யாருக்கு?

நஞ்சு கலந்த நிலங்களைக் கண்டறிந்து சீர்திருத்துவதற்கென்று இந்திய சர்க்கார் 2025-ஆம் வருஷம் ஜூலையில் விதிகளைப் பிரசுரித்தார்கள். சந்தேகத்திற்கிடமான இடங்களைப் பற்றி ஜில்லா அதிகாரிகள் ஆறு மாதத்திற்கொரு முறை அறிக்கை அனுப்ப வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவ்விடங்களைப் பரிசோதிக்க வேண்டும். கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். விதிகள் நல்லவையே. ஆனால் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த குரோம்பேட்டை, நாகல்கேணி, பல்லாவரம் வாசிகளுக்கு இவற்றால் விளையப்போகும் பயன் என்ன என்பதே நமது கேள்வி.

குரோம்பேட்டை, குரோம் லெதர் கம்பெனியால் அப்பெயர் பெற்ற ஊர். அதைச் சுற்றிலும் பல தலைமுறைகளாக நடந்துவந்த தோல் பதனிடும் தொழில் அநேகக் குடும்பங்களுக்குச் சோறு போட்டதை நாம் மறக்கவில்லை. அதன் கழிவுநீர் ஊர்க் கிணறுகளைக் கெடுத்ததையும் மறப்பதற்கில்லை. 1996 ஆகஸ்டு 28-இல் வேலூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு செங்கற்பட்டு ஜில்லாத் தோல் சாலைகளையும் கட்டுப்படுத்திற்று. பதினாறு வருஷங்கள் கழித்து, 2012-இல், அண்ணா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரையோ குரோம்பேட்டையின் நிலத்தடி நீரில் குரோமியம் அளவு மீறியிருப்பதை எடுத்துக்காட்டிற்று. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது இந்திய தர நிர்ணயம்.

சோதனை என்பது எளிய காரியமன்று. பல்லாவரத்துக் குன்றுகளின் பாறைக்குச் சார்னகைட்டு என்று பெயர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இவ்வகையினதாகையால் 1893-இல் தாமஸ் ஹாலண்டு இட்ட பெயர் அது. இக்கடும்பாறையில் நீர் ஆற்று மணலிற்போல் எங்கும் பரவி ஊறாது. மேலே சிதைந்த பகுதியிலும் கீழே வெடிப்புகளிலுமே ஓடும். ஆகவே ஒரு வீட்டுக் கிணறு நன்றாயிருக்க, அடுத்த வீட்டுக் கிணறு கெட்டிருத்தல் கூடும். நாலு கிணற்றில் மொண்டு பார்த்துவிட்டு 'ஊர் நீரில் குற்றமில்லை' என்று சொல்ல எவருக்கும் யோக்கியதை கிடையாது.

குரோமியத்திலும் இருவகை உண்டு. தோல் பதனிட உபயோகிக்கும் வகை பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மண்ணிலுள்ள மாங்கனீசுச் சேர்க்கைகளால் அதன் ஒரு பகுதி மற்ற வகையாக மாறிவிடும். அது நீரில் கரைந்து ஓடும், நஞ்சும் அதிகம். இரண்டையும் பிரித்துக் காட்டாத அறிக்கை பாதி அறிக்கையே. மாதிரி எடுக்கும் முறையிலும் ஜாக்கிரதை வேண்டும். குழாய்க்கிணற்றில் தேங்கிக் கிடந்த நீரை இறைத்துக் கொட்டிய பின்பே மாதிரி எடுக்க வேண்டும். நீரின் அமிலத் தன்மையையும் மின்கடத்தும் திறனையும் அவ்விடத்திலேயே அளக்க வேண்டும். குரோமிய வகை பிரிப்பதற்கான மாதிரியைக் குளிர்ச்சியில் வைத்துத் தாமதமின்றி இரசாயனசாலை சேர்க்க வேண்டும். மண்ணையும் மேல்வாரியாக அள்ளாமல், ஆழத்திற்கு ஆழம் தனித்தனியே எடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் பார்த்தாலொழிய உண்மை நிலை விளங்காது.

இவ்வளவும் செவ்வையாக நடந்தாலும், முடிவு யார் கைக்குப் போகிறது? 1974-ஆம் வருஷத்து நீர் மாசுச் சட்டத்தின் 22-வது பிரிவைப் படித்தவர்கள் வியப்படைவார்கள். ஆலைக் கழிவுநீர்ச் சோதனை அறிக்கை மூன்று பிரதிகள் எழுதப்பட வேண்டும். ஒன்று ஆலைக்காரருக்கு, ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று வாரியத்துக்கு. கிணற்று நீரை எடுத்துச் சோதிக்க 21-வது பிரிவு அதிகாரம் தருகிறது. முடிவைக் கிணற்றுக்குடையவனிடம் தெரிவிக்க வேண்டுமென்று அங்கே ஒரு வரியும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டமாயிருந்தால் நாம் ஆச்சரியப்பட மாட்டோம். இது நமது பார்லிமெண்டு செய்த சட்டம்! தகவல் அறியும் சட்டம் 2005 முதல் இருக்கிறதே, மனுப் போட்டு வாங்கலாமே என்று சிலர் சொல்லக் கூடும். தன் வீட்டு நீரில் என்ன இருக்கிறதென்று அறியப் பிரஜை மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டுமாம்.

புதிய விதிகளின்படி வெளியாகும் இடங்களின் பட்டியல் வேறு, கிணற்றுக்குக் கிணறு கணக்கு வேறு. செங்கற்பட்டுக் கலெக்டர் தமது அறிக்கையில் இப்பகுதியைச் சேர்த்து, வாரியத்தைச் சோதனைக்கு அழைக்க வேண்டும். வாரியமோ ஒவ்வொரு கிணற்றின் முடிவையும், மாதிரி எடுத்த தேதியோடு, தமிழில் எழுதி வார்டு ஆபீசின் சுவரில் ஒட்ட வேண்டும். தாம்பரம் மாநகராட்சி அங்கத்தினர்கள், எக்கட்சியினராயினும், அடுத்த கூட்டத்திலேயே இதற்கொரு தீர்மானம் கொண்டுவருவார்களா?