திறவுகோல் யார் கையில்?

கனகம்மாசத்திரத்து மாணவன், இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

இது விஞ்ஞான யுகம். நிலவில் கால் வைத்துவிட்டான் மனிதன். ஆனால், தன் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசிக்குள் அவனால் கால் வைக்க முடிகிறதா? காசு கொடுத்து வாங்கியவன் ஒருவன். திறவுகோலை வைத்திருப்பவன் வேறொருவன்! இது முறைதானா? மாணவத் தோழர்களே, என் சொந்த அனுபவம் ஒன்றை முன்வைத்து இக்கேள்வியை உங்கள்முன் எழுப்ப விரும்புகிறேன்.

என் தந்தையார் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். வீட்டுக்கு ஒரே ஒரு ஸ்மார்ட்போன். வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தயாரித்த நிறுவனம் புதுப்பிப்பு அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டது. பாடக் குறிப்பைத் திறப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்! பழுது பார்க்கும் கடையில், "புதுசு வாங்கிக்கோ தம்பி" என்றார்கள். அந்தப் 'புதுசு' என் தந்தையின் ஒரு மாதக் கூலி.

உண்மையில் அந்தப் போனுக்கு உடலில் நோயில்லை. உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கே மூப்பு. ஆண்ட்ராய்டின் அடித்தளம், 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ். அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. எனவே நிறுவனம் கைவிட்ட போனுக்கும் ஆர்வலர்கள் புதிய இயங்குதளம் ஆக்கித் தருகிறார்கள். சயனோஜன்மாட் என்ற திட்டம் 2016 டிசம்பரில் நின்றபோது அதன் வழித்தோன்றலாகப் பிறந்த 'லீனியேஜ் ஓ.எஸ்.' அத்தகையது. அதையே நிறுவத் துணிந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினியை இரவல் வாங்கினேன். 2011-ல் நம் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டத்தில் வந்த கணினி அது. விண்டோஸில் போன் தென்படவே இல்லை. டிரைவர் இல்லாததுதான் காரணம். அதே கணினியில் யாரும் தொடாமல் கிடந்தது, சி-டாக் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அதில் முயன்றேன், கேபிளையும் மாற்றினேன். போன் தெரிந்தது! சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிள்கள் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அடுத்து, பூட்லோடர் என்னும் வாயிற்காவலனைத் திறக்க வேண்டும். திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. பாதி புரிந்தது, மீதியை ஊகித்துப் பொத்தானை அழுத்தினேன். பூட்டு திறந்தது, ஆனால் போனில் இருந்த அனைத்தும் அழிந்தது. மறைந்த என் பாட்டி தெலுங்கும் தமிழும் கலந்து பேசிய குரல்பதிவு ஒன்று அதில் இருந்தது. வேறெங்கும் அதற்கு நகல் இல்லை. அம்மா அதைக் கேட்கக் கேட்டபோது, நான் சொன்ன பதில் என்னையே சுட்டது.

அந்தப் பயம் அடுத்த தவறுக்கு வித்திட்டது. நிறுவும்போது 'ஃபார்மேட்' செய்யச் சொன்ன படியைக் கண்டு நடுங்கி, அதைத் தாண்டிவிட்டேன். இழப்பதற்கு இனி எதுவும் இல்லை என்பதுகூட உறைக்கவில்லை! பழைய தளத்தின் மறையாக்கப்பட்ட தரவு உள்ளேயே கிடந்ததால், போன் முகப்புச் சின்னத்தையே சுற்றிச் சுற்றிக் காட்டியது. மறுநாள் அப்படியைச் செய்து மீண்டும் நிறுவினேன். கணினியில் கணக்கு 47 விழுக்காட்டில் நின்றது. போயிற்று என்று கேபிளைப் பிடுங்கப் போனேன். நல்லவேளை, அவ்வாறு 47-ல் நின்றாலும் பணி முடிந்திருக்கலாம் என்று வழிகாட்டியின் அடியில் ஒரு வரி இருந்தது. போன் உயிர் பெற்றது!

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பூட்லோடர் திறந்த போன் திருடன் கையில் சிக்கினால் ஆபத்து அதிகம். பணப் பரிமாற்றச் செயலி ஒன்று என் போனில் இயங்க மறுக்கிறது. மாடலின் பெயர் ஓரெழுத்து மாறினாலும் போன் வெறும் கல்லாகிவிடலாம். ஆகவே எல்லோரும் இன்றே இதில் இறங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆபத்து இருக்கிறது என்பதற்காகத் திறவுகோலையே மறுப்பது நியாயமாகாது. கிணற்றில் விழுவார்கள் என்று கிணற்றையா மூடுகிறோம்? கைப்பிடிச் சுவர் அல்லவா கட்டுகிறோம்!

ஐரோப்பிய ஒன்றியத்தில், 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதி, ஒரு மாடலின் விற்பனை நின்ற பின்னும் குறைந்தது 5 ஆண்டுகள் புதுப்பிப்பு கிடைக்க வழி செய்கிறது. நம் நாட்டிலும் 2022-ல் 'பழுது நீக்கும் உரிமை'க்கான இணையவாசல் திறக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த 'பார் ஓ.எஸ்.' 2023 ஜனவரியில் அறிமுகமானது. நம்மவர்க்குத் திறமை இல்லை என்று இனி யாரும் கூற முடியாது. குறை எங்கே? சாமானியன் வீட்டுப் பழைய போனுக்கு, அவனுக்குப் புரியும் மொழியில், வழி சொல்வார் இல்லை என்பதே குறை.

நான் குரலை இழந்தது துணிந்ததால் அன்று. எச்சரிக்கை என் மொழியில் இல்லாததால். அதற்காக நான் படிக்காமல் அழுத்திய குற்றம் நீங்கிவிடாது. ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்க வருபவன் ஒவ்வொரு பாடத்தையும் இழப்பின் வழியாகத்தான் கற்க வேண்டுமா? 2012 முதல் 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதி வழி காட்டியிருக்கிறது. அவ்வழியில் நாமும் ஏன் நடக்கக் கூடாது? மாதம் ஒரு நாள் பிற்பகல் நம் கணினி ஆய்வகத்தைத் திறந்துவிடுமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். மூலையில் கிடக்கும் பழைய போன்களைக் கொண்டு வருவோம், முதலில் நகல் எடுப்போம், பிறகு நிறுவுவோம். பட்ட தவறுகளைத் தமிழில் எழுதி வைப்போம்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். மழை நாளில் முன்னே ஏறுபவர், "அந்தப் படி வழுக்கும், பார்த்து வாங்க" என்று பின்னே வருபவருக்குச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். நான் வழுக்கிய படியைச் சொல்லிவிட்டேன். தோழர்களே, நீங்களும் சொல்லுங்கள்!