பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம் போதும்?

வெளிச்சம் கூடக்கூட நல்லது என்பது நம் மனத்தில் ஊறிப்போன எண்ணம். தீபாவளி நெருங்கும்போது சிராங்கூன் சாலை விளக்கு அலங்காரத்தில் மின்னுவதைக் காண எத்தனை ஆயிரம் பேர் கூடுகிறோம்! வீட்டில் ஓர் அறை மங்கலாக இருந்தால் உடனே கூடுதல் வாட் விளக்கை வாங்கி மாட்டுகிறோம். ஆனால், வெளிச்சம் மிகுந்தால் நோயுறும் உயிரும் உண்டு. அதை நம்மில் சிலர் வீட்டு வரவேற்பறையிலேயே வளர்க்கிறோம். அதுதான் பவளம்.

சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் வண்ண மீன் வளர்ப்பது புதிதன்று. அதன் அடுத்த படிதான் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்க்கும் சிறு தொட்டி. நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் புக்கிட் மேரா வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம், ஏறக்குறைய 65 லிட்டர் கொள்ளும். வீட்டுக்கார அண்ணன் அதற்கு எல்இடி விளக்கு வாங்கக் கிளம்பியபோது, அறிவியல் படிக்கிற பிள்ளையாயிற்றே என்று என்னையும் உடன் அழைத்துப் போனார். போன இடத்தில் எல்லாம் ஒரே பேச்சு: “இதைவிட வலுவான விளக்கு இருக்கிறது, இன்னும் இருநூறு வெள்ளி போட்டால் போதும்.”

அந்தப் பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை. சிறு தொட்டி வைத்திருப்பவர் கடையிலேயே வலுவான விளக்கு எது என்று தேட வேண்டியதில்லை. நம் சொந்தக் கடலின் பவளங்கள் எவ்வளவு வெளிச்சத்தில் வாழ்கின்றன என்று பார்த்து, அதையே அளவுகோலாகக் கொள்வதே சரி. இது என் தாழ்மையான கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், வாசகர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

முதலில் பவளம் என்றால் என்ன? நவமணிகளில் ஒன்றாக நாம் அறிந்ததும், நகைக்கடையில் மோதிரத்தில் பதித்துத் தருவதுமான செம்பவளம் வேறு. அது மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில், வெளிச்சம் குறைந்த ஆழத்திலும் குகைகளிலும் வளர்வது. அதற்கு ஒளி தேவையில்லை. பவளப்பாறையைக் கட்டும் பவளங்களின் கதை வேறு. அவையும் விலங்குகள்தாம். ஆனால், அவற்றின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. அதில் பெரும்பங்கைப் பவளத்துக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. எனவே, பவளத் தொட்டிக்கு விளக்கு என்பது அலங்காரமன்று, சோறு.

தமிழ்ப்பள்ளியில் இதை ‘ஒளிச்சேர்க்கை’ என்று படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே பாடம் ‘ஃபோட்டோசிந்தேசிஸ்’ ஆகிவிட்டது. பெயர் மாறினாலும் பழைய சொல்தான் எனக்கு இன்றும் விஷயத்தை விளக்குகிறது. சேர்க்கை என்றாலே அதற்கு ஒரு கொள்ளளவு உண்டல்லவா? பாசியால் பயன்படுத்த முடிகிற அளவைத் தாண்டி ஒளி கொட்டினால், மிஞ்சிய ஆற்றல் உயிரணுவைத் தாக்கும் வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் வெளுத்து நிற்கிறது. நீரின் வெப்பமும் கூடியிருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே பழமொழி மட்டுமன்று, உயிரியல்.

சரி, அளவை எப்படி அறிவது? விளக்குப் பெட்டியில் அச்சிட்ட லூமென் கணக்கு உதவாது. லூமென் என்பது மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. நம் கண் பச்சைக்கு, அதாவது 555 நானோமீட்டர் அளவிலான ஒளிக்கு, மிகக் கூர்மையானது. நீலத்தைக் குறைவாகவே உணரும். பவளப் பாசியோ 420 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள நீலத்தை நன்றாகப் பயன்படுத்தும். ஆகவே, நமக்கு மங்கலாகத் தெரியும் நீல விளக்கு பவளத்துக்கு உச்சிவெயிலாக இருக்கலாம். இதற்கென உள்ள அளவு ‘பார்’. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு அது. நம் ஊர் உச்சிவெயில் ஏறக்குறைய 2,000. மென்பவளங்களுக்கும் காளான் பவளங்களுக்கும் 50 முதல் 150 வரை போதும். பெரிய வாய் கொண்ட கல்பவளங்கள் பலவற்றுக்கு 100 முதல் 200. கிளைவிட்டு வளரும் அக்ரோபோரா வகைகளுக்குத்தான் 200 முதல் 350, சிலவற்றுக்கு அதற்கும் மேல்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு நம் கடலைப் பார்ப்போம். புக்கிட் மேராவிலிருந்து ஃபேபர் மலை ஏறினால் தெற்குத் தீவுகள் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிங்கப்பூர்க் கடலில் ஏறத்தாழ 250 வகைக் கல்பவளங்கள் பதிவாகியுள்ளன. உலகில் உள்ளவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! இத்தனைக்கும் அது கலங்கிய கடல். நிலமீட்பும் கடலடி தூர்வாரலும் கிளப்பிய வண்டலால், 1960களில் 10 மீட்டர் அளவுக்கு இருந்த நீரின் தெளிவு பின்னர் 2 மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. அதோடு, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவின் சதுப்புக்காடுகளிலிருந்து தேநீர் நிறத்தில் வடிந்து வரும் கரைபொருள்கள், நீல ஒளியை முதலில் விழுங்கிவிடுகின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டியுள்ளனர். தெளிந்த கடலில் பல பத்து மீட்டர் ஆழம்வரை வளரும் பவளங்கள், இங்கே மேலுள்ள சில மீட்டர்களுக்குள் ஒதுங்கிவிட்டன.

அப்படி ஒதுங்கியவை அழிந்துபோயினவா? இல்லை. ஏராளமானவை பிழைத்து நிற்கின்றன. பெக்டினியா, மெருலினா, பேச்சிசெரிஸ், டர்பினேரியா முதலியவை தட்டுப்போல, இலைபோல விரிந்து கிடைக்கிற வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. டர்பினேரியா வெளிச்சம் மிகுந்த இடத்தில் சுருண்டு மடிந்தும், குறைந்த இடத்தில் தட்டையாக விரிந்தும் வளரும். இருட்டை அனுசரித்து வாழும் வித்தையை நம் வாசலிலேயே அவை நடத்திக் காட்டுகின்றன. நாமோ தெளிந்த நீல லகூனைப் படத்தில் பார்த்துவிட்டு, 65 லிட்டர் தொட்டியின்மேல் உச்சிவெயிலைத் தொங்கவிட நினைக்கிறோம்!

நம் கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்து வரச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அது கூடவே கூடாது. அங்கே கற்க வேண்டியது அளவை. கடையில் பண்ணையில் வளர்த்த சிறு துண்டுகளாக, குறைந்த ஒளி கேட்கும் வகைகளையே வாங்குவோம்; பாறை மட்டத்தில் 75 முதல் 150 வரை கிடைக்கும்படி விளக்கை அமைப்போம். இந்த அளவுத் தொட்டிக்கு நல்ல 40 முதல் 60 வாட் எல்இடி விளக்கு ஒன்றே தாராளம். 60 வாட் விளக்கு நாளுக்கு 9 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 16 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் ஐந்து வெள்ளி. முன்பு பயன்பட்ட 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கானால் 40 யூனிட். கூடவே அதன் அனல் நீரில் இறங்கும். எல்இடியின் வெப்பம் பெரும்பாலும் மேலுள்ள உலோகத் தகடு வழியே வெளியேறுகிறது. அறையே 30 பாகை இருக்கும் ஊரில் இது சிறு நன்மையன்று. நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது. அவர்கள் புண்ணியத்தில்தான் இன்று ஒரு மாணவர்கூடப் பவளம் வளர்க்க முடிகிறது.

விளக்கு தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடியுமா? வெளிச்சம் மெல்லத் தொடங்கி மெல்ல அடங்கும்படி நேரம் வைக்கலாமா? எந்த உயரத்தில் வைத்தால் எவ்வளவு ‘பார்’ என்ற வரைபடத்தைத் தயாரிப்பாளர் தந்திருக்கிறாரா? இம்மூன்றும் உள்ள சிறு விளக்கு, இவை இல்லாத பெரிய விளக்கைவிட மேல். பவளம் வாங்கும்போது இன்னொன்று. கடைத் தொட்டிகளில் முழு நீல ஒளி போட்டிருப்பார்கள். அதில் பவளத்தின் ஒளிர்நிறங்கள் எல்லாம் தீப்பற்றியதுபோல் தெரியும். வெளுத்த பவளமும் அதில் அழகாகத்தான் இருக்கும். “அண்ணே, ஒரு நிமிடம் வெள்ளை விளக்கைப் போடுங்கள்” என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். வாடகை வீட்டில் கூரையைத் துளையிட முடியாது; தொட்டியின் விளிம்பில் கவ்வும் கைத்தாங்கி போதும். நீர்மட்டத்துக்கு 20 முதல் 25 செ.மீ. மேலே வைத்தால் ஒளி ஓரங்களுக்கும் பரவும். உப்புநீர் தெறிப்பதும் குறையும். மின்கம்பி செருகிக்கு நேராக இறங்கக் கூடாது. செருகியைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிப் பின் மேலேற வேண்டும். கம்பி வழியே வடியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்மாற்றிப் பெட்டியைத் தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். புக்கிட் மேரா பழைய வட்டாரம். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி அப்போது கட்டாயமாக இருக்கவில்லை. 2023 ஜூலையில் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டு, 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. உங்கள் வீட்டில் அது இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே உப்புநீர்த் தொட்டிக்கு மின்சாரம் கொடுங்கள்.

முதல் நாளே விளக்கை முழு வலுவில் எரிப்பதுதான் பெரிய ஆபத்து. 30 விழுக்காட்டில் தொடங்கி, வாரத்துக்கு 5 முதல் 10 விழுக்காடு கூட்டி, வேண்டிய அளவை அடைந்ததும் நிறுத்துவதே முறை. நேரத்தையும் யோசிக்க வேண்டும். நண்பகலில் அறை கொதிக்கும்போது விளக்கும் உச்சத்தில் இருந்தால் பவளத்துக்கு இரட்டை அடி. பிற்பகல் இரண்டில் தொடங்கி, மாலை ஆறு ஏழு மணிக்கு உச்சம் தொட்டு, இரவு பதினொன்றுக்குள் அணையும்படி வைத்தால் வெப்பமும் தணியும். வகுப்பு முடிந்து வருபவர் பார்த்தும் மகிழலாம். எங்கள் வீட்டுத் தொட்டி இப்படித்தான் எரிகிறது.

“அக்ரோபோராவின் அழகே அழகு, அதற்கு வலுவான விளக்கு வேண்டாமா?” என்று கேட்பவர் உண்டு. வேண்டும். ‘பார்’ கருவி வைத்து அளந்து, நீரின் கால்சியமும் காரத்தன்மையும் நாள்தோறும் மாறாமல் காக்கத் தெரிந்தவர் தாராளமாக வளர்க்கட்டும். வெளிச்சம் குறைந்தாலும் கெடுதிதான். பவளம் பட்டினியில் பழுப்பேறி மெலியும். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. குறைந்த ஒளியின் தீங்கு மெல்ல வரும்; கவனித்துக் கூட்ட அவகாசம் உண்டு. மிகுந்த ஒளி சில நாள்களிலேயே வெளுக்க வைத்துவிடும். தொடங்குகிறவர் எந்தப் பக்கம் நிற்பது நல்லது என்று சொல்லவும் வேண்டுமா? ‘பார்’ கருவி விலை கூடியதுதான். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாமே!

இவ்வளவும் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று சிலர் நினைக்கலாம். நம் தொட்டியில் இருப்பது பொம்மையன்று. கல்பவளங்கள் எல்லாம் அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. ஒருகாலத்தில் தூத்துக்குடிக் கடலில் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். 2001இல்தான் இந்தியா பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. சிங்கப்பூர்ப் பவளங்கள் 1998, 2010, 2016 என்று அடுத்தடுத்து வெளுத்தன. 2014இல் சிஸ்டர்ஸ் தீவுகளில் கடல் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2024 டிசம்பரில், ஒரு லட்சம் பவளங்களை நட்டு வளர்க்கும் திட்டத்தைத் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கியது. அது பத்தாண்டுக்கும் மேலாக நடக்கவிருக்கும் வேலை. ஒரு பக்கம் பவளத்தை ஒவ்வொன்றாக நட்டுக் கொண்டிருக்க, மறுபக்கம் வரவேற்பறையில் விளக்கைத் திருகி ஒரே மாதத்தில் அதைக் கொல்வது நியாயமாகுமா?

ஆகவே, பவளம் வளர்க்க விரும்பும் நண்பர்களே, கடைக்குப் போகுமுன் ஒரு முறை லாப்ரடோர் கடற்கரைக்குப் போய் நீரைப் பாருங்கள். ஓர் ஆள் ஆழத்துக்குக்கூட அடி தெரியாது. அந்தக் கலங்கலில்தான் 250 வகைப் பவளங்கள் வாழ வழி கண்டிருக்கின்றன. அதை நினைவில் வைத்துக்கொண்டு விளக்கு வாங்குங்கள், சிறியதே போதும்.