வலியை அளப்பது எப்படி?

வெப்பநிலையை அளக்க வெப்பமானி உண்டு. மின்னோட்டத்தை அளக்க அம்மீட்டர் உண்டு. வலியை அளக்க அத்தகைய கருவி எதுவும் இல்லை. அப்படியிருக்க, ஒரு வலிநிவாரண முறை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று எவ்வாறு முடிவு செய்வது?

ரோபோ உதவியுடன் செய்யப்படும் புராஸ்டேட், சிறுநீரக அறுவைச் சிகிச்சைகளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் 'டா வின்சி' கருவிக்கு அனுமதி கிடைத்தபின் இம்முறை பரவியது. நீண்ட கீறலுக்குப் பதிலாகச் சில சிறு துளைகள். உறுப்பை வெளியே எடுக்க அவற்றுள் ஒன்றைச் சற்றே பெரிதாக்குவார்கள். காயம் சிறியது என்பதால் வலியே இராது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று.

இங்கே வலி ஒன்றல்ல, மூன்று. முதலாவது, துளையிட்ட வயிற்றுச் சுவரின் வலி. இரண்டாவது, வாயுவால் வரும் வலி. கருவிகள் இயங்க இடம் வேண்டி வயிற்றினுள் கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். அதன் அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும் அது உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலி தோன்றும்! உதரவிதானத்தின் நரம்பும் தோளின் உணர்ச்சி நரம்புகள் சிலவும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளைப்பதே காரணம். மூன்றாவது, சிறுநீர் வடிகுழாய் உறுத்துவதால் சிறுநீர்ப்பை இறுகும் வலி.

மருந்துகளும் பலவகை. மார்ஃபின் வலிமையானது, ஆனால் குமட்டல் தரும், குடலின் இயக்கத்தை மந்தமாக்கும். வயிற்றுச் சுவர் நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசி முதல் வலியைத் தணிக்கும். தோள்வலிக்கு அது உதவாது. பாரசிட்டமால் மார்ஃபினின் தேவையைக் குறைக்கும். ஐபுப்ரோஃபென் வகை மருந்துகளைச் சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குத் தரத் தயங்குவார்கள்.

ஆகவே, 'எது சிறந்தது?' என்று மட்டும் கேட்பது அரைகுறைக் கேள்வி. எந்த வலிக்கு, யாருக்கு என்றும் கேட்க வேண்டும்.

ஒப்பிடுவதிலும் நேர்மை வேண்டும். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிப்பார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உப்புநீர் என்பது நோயாளிக்கும் தெரியாது, வலியைக் கேட்டுக் குறிப்பவருக்கும் தெரியாது. 'மருந்து பெற்றோம்' என்ற நம்பிக்கையே வலியைக் குறைக்கக்கூடும் அல்லவா? இரு குழுவினருக்கும் வலி மிகுந்தால் மார்ஃபின் தருவார்கள். எவ்வளவு தேவைப்பட்டது என்பதும் ஓர் அளவை.

மற்றோர் அளவை, 0 முதல் 10 வரை நோயாளி சொல்லும் எண். இதில் 8 என்பது 4-ஐப் போல் இருமடங்கு வலி அன்று. வெப்பமானியின் கோடுகளைப் போல் இதை நினைக்கலாகாது. அதற்காக இதை ஒதுக்கிவிடவும் கூடாது என்பதே என் கருத்து. வலியை அறிந்தவர் நோயாளி ஒருவரே. படுத்திருக்கையில் 2 என்பவர் இருமும்போது 7 என்றால், அந்த 7 தான் முக்கியம். வலிக்கு அஞ்சி இருமாமல், ஆழ மூச்சு விடாமல் இருந்தால் நுரையீரலில் சளி தேங்கும். எழுந்து நடக்காவிட்டால் கால் சிரையில் இரத்தம் உறையக்கூடும்.

மாணவர்களே, 'வலியில்லா சிகிச்சை' என்ற விளம்பரத்தைக் கண்டால் கேளுங்கள்: எந்த வலி? எதனோடு ஒப்பிட்டார்கள்? நோயாளியைக் கேட்டார்களா?