ஆற்றின் கணக்கை யார் கூட்டுவது?

பெர்மாஸ் ஜெயா பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் தோழர்கள் கீழே கிடக்கும் தெப்ராவ் ஆற்றைப் பார்க்காமல் போவதில்லை. கடல் வற்றும் நேரத்தில் அதன் கருஞ்சேறும் நாற்றமும் பார்க்க வைத்துவிடும். பிளந்தோங், மாசாய், உலு திராம் வட்டாரங்களில் பால் மரம் நின்ற காலத்தை அறிந்த பெரியவர்கள் இன்றும் இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, மரம் சாய்ந்து, லயம் இடிந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். ஆற்றில் குளித்ததும் அதில் பிடித்த மீனைக் குழம்பு வைத்ததும் அவர்களுக்குக் கதையல்ல, நினைவு.

தெப்ராவை விட்டுவிடுவோம். அது செத்துப் பல காலம் ஆயிற்று என்று பலரும் கைகழுவிவிட்டார்கள். நாம் இன்று பேச வந்தது ஜொகூர் ஆற்றைப் பற்றி. குனோங் கெமுரு மலையில் பிறந்து, கோத்தா திங்கியைத் தொட்டு, சுமார் 120 கிலோமீட்டர் ஓடிக் கிழக்கு ஜொகூர் நீரிணையில் கலக்கும் இந்த ஆறுதான் தென் ஜொகூரின் உயிர்நாடி. 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை இதிலிருந்து எடுக்கலாம். அந்த ஒப்பந்தம் 2061 வரை நிற்கிறது. ஆயிரம் கேலனுக்கு மூன்று காசு என்ற விலை நியாயமா என்று இரு நாட்டு மந்திரிகளும் ஆண்டாண்டாகப் பேசுகிறார்கள். விலையைப் பேசிய நேரத்தில் பாதியையாவது தண்ணீரின் தரத்தைப் பேசச் செலவிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

2017-லும், மீண்டும் 2019 ஏப்ரலிலும் இந்த ஆற்றில் அமோனியா ஏறியது. கோத்தா திங்கிப் பக்கத்துச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. சிங்கப்பூர் அங்கே நடத்தும் நிலையமும் நின்றது. குழாயைத் திறந்தவர்களுக்குக் காற்றுத்தான் வந்தது. அப்படிப்பட்ட ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒன்றே. அதிகாரிகள் ஆற்றோரம் போகிறார்கள், ஓர் ஆலையின் குட்டையோ ஒரு பண்ணையின் கால்வாயோ கண்டுபிடிக்கப்படுகிறது, அபராதமோ மூடும் உத்தரவோ பிறக்கிறது, தண்ணீர் திரும்ப வருகிறது, ஊர் மறந்துவிடுகிறது. அந்த ஓர் ஆலை குற்றவாளிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே அந்த ஆறு எவ்வளவு சுமந்துகொண்டிருந்தது? அந்தக் கடைசிச் சுமை விழுவதற்குள் முதுகு எவ்வளவு வளைந்திருந்தது? இதை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஓரிடத்தில் கணக்கு இல்லை.

கிராணிமார்களுக்கு இது உடனே விளங்கும். பால் ஸ்டோரில் ஒவ்வொருவர் வாளியையும் தனித்தனியே நிறுத்து எழுதுகிறோம். பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் கூட்டி, இன்றைய மொத்தம் இவ்வளவு என்று துரையிடம் காட்டுகிறோம். எல்லார் பெயருக்கும் நேரே எடையை மட்டும் எழுதிவிட்டு மொத்தம் போடாமல் புத்தகத்தை மூடிவைக்கும் கிராணியை எந்தத் தோட்டம் மறுநாள் வேலையில் வைத்திருக்கும்? ஆற்றின் விஷயத்தில் நடப்பது அதுதான். ஒவ்வொரு குழாய்க்கும் உரிமம் உண்டு, அளவு உண்டு, சோதனை உண்டு. எல்லாக் குழாயும் சேர்ந்து ஓர் ஆற்றுக்கு ஒரு நாளில் கொட்டுவது எவ்வளவு என்ற கடைசி வரி மட்டும் காலியாகக் கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பாலில் தண்ணீர் கலந்து லிட்டரைக் கூட்டினால் மெட்ரோலாக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவேதான் கிராணி லிட்டரையும் பார்க்கிறார், பாலின் கனத்தையும் பார்க்கிறார். இரண்டையும் பெருக்கி உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று காண்கிறார். ஆலைக் கழிவுக்கோ பெரும்பாலும் கனத்துக்கு மட்டுமே வரம்பு. தண்ணீர் கலந்து கனத்தைக் குறைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, சரி. ஆனால் ஆலை பெரிதாகி, வெளியே ஓடும் கழிவுநீர் இரட்டிப்பானால் என்னாகும்? கனம் பழைய எண்ணிலேயே நிற்கும், விதி மீறப்படவில்லை. ஆற்றில் சேரும் அழுக்கு மட்டும் இரட்டிப்பாகும். பத்து ஆலைகள் பத்தும் சட்டத்துக்கு அடங்கி நடந்தே ஓர் ஆற்றைக் கொன்றுவிட முடியும்.

கூட்டல் என்று நாம் சொல்வதுகூடப் போதாது. சில சேர்க்கைகள் கூட்டலல்ல, பெருக்கல். அமோனியாவையே எடுத்துக்கொள்வோம். பால் உறையாமலிருக்க வாளியில் விடுகிறோமே, அதே அமோனியாதான். அதன் நெடி கண்ணைக் கரிப்பதை எந்தத் தோழருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆற்றில் அது பல பக்கமிருந்து வருகிறது: வீட்டுச் சாக்கடை, கோழி, பன்றி, மாட்டுப் பண்ணைகள், உரம், ஆலைக் கழிவு. அதை உண்டு மாற்றும் நுண்கிருமிகள் நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துத் தீர்க்கின்றன. செம்பனை ஆலைக் கழிவும் தன் பங்குக்கு அதே பிராணவாயுவைத்தான் குடிக்கிறது. மூச்சுக் குறைந்த மீனை, முன்பு கொல்லாத அளவு அமோனியாவே கொல்லும். நீர் சூடேறினாலும் காரம் ஏறினாலும் அமோனியாவின் நஞ்சுக்கூறு இன்னும் கூடும். மணல் அள்ளிக் கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது, நீர்ச்செடி தழைக்காது, பிராணவாயு மேலும் குறையும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவனும் கொஞ்சம்தான் செய்தான். எல்லாம் ஒருசேர விழும்போது மீன் மிதக்கிறது.

சுத்திகரிப்பு நிலையத்திலும் இந்தப் பெருக்கல்தான். கிருமியைக் கொல்ல இடும் குளோரினை அமோனியா முதலில் தின்றுவிடுகிறது. ஒரு பங்கு அமோனியாவுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் செலவாகிறது. மூல நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அமோனியா போகக் கூடாது என்று இந்நாட்டில் வரம்பு வைத்திருப்பதும், அதைத் தாண்டினால் பம்புகளை நிறுத்துவதும் இதனால்தான்.

மழை குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். 2016 அக்டோபரில் லிங்கியு நீர்த்தேக்கம் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆற்றில் நீர் பாதியானால் அதே அழுக்கு இரு மடங்கு கனக்கும். எந்த ஆலையின் உரிமத்திலாவது, ஆறு மெலிந்த மாதத்தில் நீயும் உன் கழிவைக் குறை என்று எழுதியிருந்தால் நாம் மகிழ்வோம்.

ஆலைக்காரனை மட்டும் சாடிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் அது நேர்மையாகாது. தோட்டத் தொழிலுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. ஷீட் அடிக்கும் ஸ்டோரிலிருந்து ஆசிட் கலந்த வெள்ளைத் தண்ணீர் நேரே ஓடையில் விழுந்த காலம் நமக்குத் தெரியும். அந்த ஓடைக்குக் கீழேதான் நம் லயங்களும் இருந்தன. செம்பனை எண்ணெய் ஒரு டன் எடுத்தால் இரண்டரை டன்னுக்குக் குறையாமல் கழிவுநீர் பிறக்கிறது. அதன் வீரியம் வீட்டுச் சாக்கடையைப் போல் நூறு மடங்கு. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் முதன்முதலில் கட்டுக்குள் வந்த தொழில்கள் செம்பனை ஆலையும் ரப்பர் ஆலையுமே. 1978-ல் லிட்டருக்கு 5000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு படிப்படியாக இறங்கி 1984-ல் 100 ஆயிற்று. முடியாது, தொழில் படுத்துவிடும் என்று அன்று அழுதவர்கள் உண்டு. தொழில் படுக்கவில்லை. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளை மொத்த அளவுக்கு வரம்பு கேட்கும்போது அதே அழுகை மறுபடியும் கேட்கும்.

களைமருந்து அடித்த நம் தாய்மார்களின் கதை தனி. பாராகுவாட்டைத் தடை செய்வதாக 2002-ல் அறிவித்து, 2006-ல் தளர்த்தி, 2020 ஜனவரியில்தான் இந்நாடு அதை உண்மையாக நிறுத்தியது. அத்தனை ஆண்டுகளும் பம்பைக் கழுவ வேறு இடம் தரப்படாததால் ஓடையிலேயே கழுவினோம்.

இனிக் கிம் கிம் ஆற்றுக்கு வருவோம். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து அது தூரமில்லை. 2019 மார்ச் 7-ஆம் தேதி பாசிர் கூடாங்கில் அந்தச் சிற்றாற்றங்கரையில் இருந்த இரு பள்ளிகளின் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். இருபது முதல் நாற்பது டன் வரை இரசாயனக் கழிவை யாரோ இரவோடிரவாக ஆற்றில் கொட்டியிருந்தார்கள். கழிவு உடனே முழுதும் அள்ளப்படாததால் சில நாளில் வெயிலில் ஆவி கிளம்பி இரண்டாம் முறையும் தாக்கிற்று. 13-ஆம் தேதி 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஏறக்குறைய ஆறாயிரம் பேர் சிகிச்சைக்குப் போனார்கள். அக்ரோலின், அக்ரைலோநைட்ரில், பென்சீன், டொலுவீன், சைலீன், ஹைட்ரஜன் குளோரைடு என்று வாயுக்களின் பட்டியல் நீண்டது. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் தனித்தனி வரம்பு உண்டு. ஆனால் ஒரு பிள்ளையின் நுரையீரலுக்குள் அவை தனித்தனியாக வரிசையில் நின்றா போகும்? அதே ஆண்டு ஜூனிலும் பாசிர் கூடாங்கில் பிள்ளைகள் மயங்கினார்கள், நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்பட்டன.

நம் நாட்டில் ஆறு சுத்தமா அசுத்தமா என்று சொல்ல ஓர் எண் இருக்கிறது. பிராணவாயு, அதைத் தின்னும் அழுக்கின் இரு அளவைகள், அமோனியா, மிதக்கும் மண், காரத் தன்மை ஆகிய ஆறையும் சேர்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 81-க்கு மேல் சுத்தம், 60-க்குக் கீழ் அசுத்தம். நல்ல ஏற்பாடு, பழிக்கவில்லை. ஆனால் இந்த ஆறிலே பென்சீன் இல்லை, ஈயம் இல்லை, களைமருந்து இல்லை. நல்ல மதிப்பெண் வாங்கிய ஆற்றிலும் நஞ்சு ஓடலாம் என்பது இதன் பொருள். மேலும் அந்த எண் ஆற்றின் காய்ச்சலைச் சொல்லுமே தவிர, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாது.

மொத்தக் கணக்கு நடக்காத காரியமல்ல. ஜப்பானில் 1978-ல் சட்டத்தைத் திருத்தி, தோக்கியோ விரிகுடாவுக்கும் செத்தோ உள்கடலுக்கும் ஒரு நாளில் எவ்வளவு அழுக்குப் போகலாம் என்று மொத்தத்தை முதலில் நிர்ணயித்து, பிறகு ஊர்களுக்கும் ஆலைகளுக்கும் பங்கிட்டார்கள். அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் கெட்டுப்போன ஆற்றுக்கு இப்படி நாள் கணக்கு வகுக்கச் சொல்கிறது. கணக்குப் போடாவிட்டால் என்னாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. திருப்பூரில் நூற்றுக்கணக்கான சிறு சாயப்பட்டறைகள் நொய்யலில் கழிவை விட்டன. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரின் தொட்டியாயிற்று. எந்த ஒரு பட்டறையும் அணையைக் கெடுக்கும் அளவு பெரிதல்ல. கடைசியில் விவசாயிகள் நீதிமன்றம் ஏற, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. ஒழுங்காக நடந்தவன், திருட்டுத்தனமாக விட்டவன் என்ற பேதம் அப்போது இல்லை. வேலை இழந்த தொழிலாளிக்கும் பேதம் இல்லை. மொத்தக் கணக்கு கேட்பது தொழிலுக்கு விரோதம் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

2024-ல் நம் சட்டம் திருத்தப்பட்டு, அபராதத்தின் உச்சம் ஒரு கோடி வெள்ளிக்கு உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆயினும் அபராதம் என்பது பிடிபட்ட ஒருவனுக்கு விழுவது. ஜொகூர் ஆற்றுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் தாங்கும், மெலிந்த மாதத்தில் இவ்வளவுதான் என்று சுற்றுச்சூழல் இலாகா நிர்ணயிக்கட்டும். எந்த ஆலை, எந்தப் பண்ணை, எந்தச் சாக்கடை நிலையம் அதில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று மாதந்தோறும் ஊரறிய ஒட்டட்டும். புது ஆலைக்கு உரிமம் கொடுக்குமுன் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இவையே நம் கோரிக்கைகள்.

நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. கிம் கிம் வழக்கில் நிறுவன இயக்குநர்களோடு குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒரு லாரி ஓட்டுநரும் இருந்தார். வால்வைத் திறக்கும் கையும் லாரியை ஓட்டும் கையும் தொழிலாளியுடையவை. மேலிருந்து வந்த உத்தரவு கோர்ட்டில் அவனைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. கண்டதைச் சொல்பவருக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அமலாக்க இலாகாவிடம் நேரே சொல்பவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. ஆகவே தோழர்கள் முதலில் அங்கே போகட்டும். இந்தப் பத்திரிகைக்கு அடுத்ததாக எழுதினால் போதும், நாம் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கிளைகள் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கோடு போடத் தெரிந்த ஒரு கிராணியிடம் கொடுங்கள். தேதி, நேரம், எந்தக் கால்வாய், நீரின் நிறம், நாற்றம், அன்று மழையுண்டா, மீன் மிதந்ததா: இந்த ஏழு கட்டங்கள் போதும்.